பன்னிரண்டு கம்பியும் ஒற்றைக் கட்டிலும்

ஒரு பழைய கிட்டார் காணாமல் போனதற்கெல்லாம் துப்பறிகிறவரைத் தேடிப் போவார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, எஸ்.டி.டி. பூத்தின் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டிருந்த தாவீதுக்கும் அதே கூச்சம்தான். போலீசுக்குப் போகலாமா என்று டீக்கடையில் கேட்டதற்கே நாலு பேர் சிரித்துவிட்டார்கள். இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கத்தரி வெயில் முதுகைச் சுட்டது. கீழே இறங்கினால் அந்த வெறும் அறைக்குத்தான் திரும்ப வேண்டும் என்று நினைத்துப் பார்த்தான். மேலேயே ஏறினான்.

"முகவரி சரிபார்ப்பு, நன்னடத்தை விசாரணை" என்று போர்டு போட்டிருந்தது. கம்பெனிகளில் வேலைக்கு வருகிறவன் சொல்லும் ஊரும் பேரும் உண்மைதானா என்று பார்த்துச் சொல்வது வனமாமலையின் பிழைப்பு. ஐம்பது தாண்டிய மனிதர். பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் வரும் என்று நிற்கிற ரகம். அவருடைய உதவியாள் இசைவாணி அப்படி இல்லை. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் நின்று அலுத்துப்போய் இங்கே வந்தவள். ஒரு கொலையாவது வராதா என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிட்டாரா?" என்றாள், ஏமாற்றத்தை மறைக்காமல்.

"உட்காருங்க தம்பி, முதல்ல தண்ணி குடிங்க" என்றார் வனமாமலை. "என்ன கிட்டார்?"

"பன்னெண்டு கம்பி கிட்டார் சார். சாதாரணமா ஆறுதான் இருக்கும். இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடிக் கம்பி உண்டு. ஒத்தையில வாசிச்சாலும் ரெண்டு பேரு வாசிக்க மாதிரி கேக்கும். பூந்தமல்லில பழைய மரச்சாமான் கடையில பீரோ மேல கிடந்துச்சு. நான் கொடுத்த வெலைக்கு ஒரு சோடி பூட்சு கூட வராது. எங்க அப்பா வயசு இருக்கும் அதுக்கு."

"விலை போகாத சாமானை யார் எடுப்பா?" என்றாள் இசைவாணி.

"அதான் எனக்கும் தெரியல." தாவீது கைகளைப் பிசைந்தான். "எனக்குச் சாத்தான்குளம் பக்கம். கோயில் பாட்டுக்குழுல வாசிச்சவன். இங்க வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு சார். கம்பெனில மெசின் சத்தத்துல பேச முடியாது. வெளிய வந்தா பேச ஆளு கிடையாது. ராத்திரி அத மடியில வச்சாத்தான் எனக்கு நான் இருக்கேன்னே தோணும்."

இசைவாணி அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை.

அவன் விவரம் சொன்னான். ஒரகடம் கூட்டுரோட்டை ஒட்டிக் கங்கம்மாள் காம்பவுண்டு. வரிசையாகச் சிமெண்ட் ஷீட் போட்ட அறைகள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்பது கங்கம்மாள் கணக்கு: பகல் ஷிஃப்ட் போகிறவன் ஒருத்தன், நைட் ஷிஃப்ட் போகிறவன் ஒருத்தன். ஆளுக்குப் பாதி வாடகை, ஆளுக்கொரு சாவி. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்பதால், தாவீது போன பிறகுதான் கொம்பையா வந்து படுப்பான். கொம்பையா கிளம்பிப் போன பிறகுதான் தாவீது திரும்பி வருவான்.

"அந்தக் கொம்பையா எப்படிப்பட்ட ஆளு?"

"தெரியாது சார். எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு, அவருக்கு வெள்ளிக்கிழமை. ஞாயித்துக்கிழமை அவரு போர்வைய மூடித் தூங்குவாரு. எழுப்பிரக் கூடாதுன்னு நான் வெளிய போய்ருவேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில உக்காந்துட்டு இருட்டினதும் வருவேன். நான் கிளம்புறப்ப அவரு முதுகு தெரியும். முகத்தச் சரியாப் பாத்ததில்ல."

"சரி, சந்தேகம் யார்மேல?"

"பக்கத்து ரூம் நயினார் அண்ணாச்சி மேல. கேண்டீன்ல சமையல். நேரங்கெட்ட நேரத்துல வருவாரு, போவாரு. நான் வாசிச்சா சுவத்துல இடிப்பாரு. 'அல்லும் பகலும் அடிக்கியே, மனுசன் எப்பம் தூங்க? ஒருநாள் அத அடுப்புல வைக்கேன் பாரு'ன்னு போன வாரம் சொன்னாரு. நேத்து வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து பாத்தா, ஆணியில கவர் மட்டும் தொங்குது. வெக்கைக்குக் கொம்பையா கதவத் தொறந்து போட்டுத்தான் தூங்குவாரு. அப்பம் உள்ள வந்து எடுத்திருக்கணும். இன்னைக்கு வேலைக்குப் போகாம நின்னு கேட்டேன், காலையிலயே சண்டை ஆய்ட்டு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணுன்னு கங்கம்மாள் அவரட்ட சொல்லிட்டாங்க."

வனமாமலை மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நயினார் கேண்டீனுக்குச் சேரும்போது நன்னடத்தை விசாரிச்சு நல்லவர்னு எழுதிக் கொடுத்தவன் நான்தான். திருட்டுப் பழியோட வெளியே போனா அவர் வேலையும் போயிடும். நான் எழுதினதும் பொய்யாயிடும். வர்றேன் தம்பி. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தக் கிட்டார்ல ஏதாவது கோளாறு உண்டா?"

"பழசுல்லா சார். கம்பி முறுக்குற கீ எல்லாம் தேஞ்சு போச்சு. தினமும் ராத்திரி சுருதி ஏத்தி வைப்பேன். மறுநாள் வந்து பாத்தா இறங்கிக் கிடக்கும். பழையபடி சுருதிக் குழல ஊதி ஏத்துவேன்."

"இறங்கினா எப்படிக் கேக்கும்? கர்ண கடூரமாவா?"

தாவீது யோசித்தான். "இல்ல சார். பாட்டு சரியாத்தான் கேக்கும். சுருதி ஒரு கட்டை கீழ கேக்கும், அவ்வளவுதான்."

"தினமும் ஒரே கட்டைதானா?"

"ஆமா சார்."

வனமாமலை எழுந்து குடையை எடுத்தார். "வண்டிய எடும்மா" என்று மட்டும் சொன்னார்.

அறையில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், இரண்டு டிரங்குப் பெட்டி. ஷீட்டின் அனல் தலையில் இறங்கியது. சுவரில் ஒரு ஆணியில் கிட்டார் கவர் தளர்ந்து தொங்கியது. இன்னொரு ஆணியில் கொம்பையாவின் நீல யூனிஃபார்ம் இரண்டு செட், கிரீஸ் கறையும் வியர்வை உப்புமாக.

"கவர விட்டுட்டுப் போயிருக்கான்" என்றாள் இசைவாணி. "அவசரத்துல வந்த திருடன் சார். இது நயினாரேதான்."

"அவசரத்துல இருக்கிறவன் கவரோட தூக்கிட்டுப் போவானா, நின்னு நிதானமா உருவி எடுப்பானா?"

வனமாமலை மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார். வெளியே வந்த கையில் வெள்ளை பிளாஸ்டிக்கில் சின்ன முளை ஒன்று இருந்தது. தாவீது அதை வாங்கிப் பார்த்தான்.

"இது கம்பியோட அடிமுனைய இறுக்குற முளை சார். கம்பியெல்லாம் வந்து சேருற மரக்கட்டை, பிரிட்ஜ்னு சொல்லுவோம், அதுல சொருகியிருக்கும்."

"தானா கழண்டு விழுமா?"

"கம்பி முறுக்கா இருந்தா குறடு போட்டாக்கூட வராது."

பக்கத்து அறை வாசலில் நயினார் துண்டைத் தோளில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். அவிழ்த்த பெட்டி பக்கத்தில் கிடந்தது. தாவீதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நேத்துப் பகல்ல ஏதாவது சத்தம் கேட்டீங்களா?" என்றார் வனமாமலை.

"உச்சி வெயில்ல 'டமார்'னு ஒண்ணு கேட்டுச்சு. ஷீட்டு வெயிலுக்கு வெடிக்கும்லா, அதுன்னு நெனச்சேன். நான் திருடன் கிடையாது சார். சத்தம் போட்டேன், ஒத்துக்கிடுதேன். நைட்டு வேலை முடிச்சுட்டு வந்து படுத்தா பகல்ல ஒரு வாசிப்பு. பகல் வேலைக்குப் போயிட்டு வந்து படுத்தா ராத்திரி ஒரு வாசிப்பு. நான் எங்க போய்ச் சாக?"

கேட்டருகே கங்கம்மாள் பஜ்ஜிக் கடைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டாமல் காம்பவுண்டை விட்டு ஒரு காக்காய்கூடப் போக முடியாது.

"கிட்டார எட்துக்கினு எவனும் போவல சார். நான் இங்கியேதான் கீறேன். நைட் பையன் மட்டும் சாயங்காலம் போச்சு. லீவுன்னா படப்பையில அதும் அக்கா வூட்டுக்குப் போவும். எப்பவும்போல அழுக்குத் துணி மூட்டையத் தூக்கிக்கினு போச்சு."

"மூட்டைய எதுல கட்டியிருந்தான்?"

"போர்வையிலதான். இன்னா சார், அழுக்குத் துணிய பட்டுலயா கட்டுவாங்க?"

வனமாமலை சிரித்தார். "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரும் இங்கியே இருங்க. கொம்பையாவையும் எழுப்பி வையுங்க" என்றார்.

அன்று இரவு தாவீது கட்டிலில் புரண்டு புரண்டு படுத்தான். தூக்கம் எங்கிருந்து வரும்? கைகள் மடியில் எதையோ தேடின. வேறு எவனாவது பூட்டை உடைத்துப் பெட்டியைத் தூக்கிப் போயிருந்தால்கூட இவ்வளவு வலிக்காது என்று தோன்றியது. அழுகை வந்தது. அழுதான். கேட்க யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். நயினார் கட்டிய பெட்டியோடு நின்றார். கங்கம்மாள் கரண்டியைக் கீழே வைக்காமலே வந்தாள். கடைசியாக வந்தவனைத் தாவீது உற்றுப் பார்த்தான். அவனைவிட ஆறேழு வயது மூத்தவன். ஒட்டிய கன்னம். தூக்கத்தில் கண்கள் சிவந்திருந்தன. இத்தனை மாதமாகத் தன் தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் தலை வைத்தவனின் முகம் இதுதானா என்று அவனுக்கு விசித்திரமாக இருந்தது.

"எனக்குச் சங்கீதம் தெரியாது" என்று ஆரம்பித்தார் வனமாமலை. "எங்க இசைவாணிக்கும் தெரியாது, பேருதான் அப்படி. ஆனா தேஞ்சுபோன சாமான் எப்படி நடந்துக்கும்னு எல்லாருக்கும் தெரியும். பன்னெண்டு கீ தேஞ்சிருந்தா, ஒண்ணு கொஞ்சம் இறங்கும், ஒண்ணு நிறைய இறங்கும், ஒண்ணு அப்படியே நிக்கும். பாட்டு கேக்கச் சகிக்காது. ஆனா தம்பியோட கிட்டார் தினமும் சொல்லி வச்ச மாதிரி ஒரே கட்டை இறங்கியிருக்கு. பன்னெண்டும் ஒண்ணுபோல. தேய்மானத்துக்குச் சுருதி தெரியுமா தம்பி?"

தாவீதுக்கு முகம் சுருங்கியது. "நான் அத யோசிக்கவே இல்ல சார்."

"யோசிக்க மாட்டீங்க. நீங்க வர்றப்போ அந்த அறையில வேற யாரும் கிடையாது. அதனால வேற யாரும் தொட்டிருப்பாங்கன்னே தோணல. ஒருத்தர் கையால, காதால, இறக்கி வச்சிருக்கார். வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்."

"அப்ப அண்ணாச்சி இல்ல" என்றாள் இசைவாணி. "அவருக்குச் சத்தமே ஆகாது."

"அவர்தான் நமக்குத் துப்பே கொடுத்தார். 'அல்லும் பகலும் அடிக்கியே'ன்னு சொன்னதைத் தம்பி கோபத்துல பேசின பேச்சுன்னு எடுத்துக்கிட்டார். அண்ணாச்சி உள்ளதைத்தான் சொன்னார். பகல்ல தம்பி கம்பெனியில இருக்கார். அப்போ பகல்ல வாசிச்சது யாரு?"

எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னா சார் சொல்றீங்க? அது மூட்டைதானே தூக்கிக்கினு போச்சு" என்றாள் கங்கம்மாள்.

"அழுக்குத் துணி மூட்டைன்னு நீங்க சொன்னீங்கம்மா. நான் பார்த்தப்போ அவரோட அழுக்குத் துணி ரெண்டு செட்டும் ஆணியிலேயே தொங்குது. அவர் போர்வையைத்தான் காணோம். துணி இங்க இருந்தா மூட்டைக்குள்ள என்ன இருந்துச்சு?"

கங்கம்மாள் கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். நாள் முழுக்கக் கேட்டைக் காத்தவளின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டான் என்ற ஆத்திரம் அவளுக்கு.

"அடப்பாவி, திருடன வூட்டுக்குள்ளியே வச்சிருந்தனா?"

"திருடலம்மா" என்றார் வனமாமலை. "திருடறவன் கவரோட எடுப்பான். கவரோட போனா கிட்டார்னு தெரிஞ்சுடும்னு உருவி, போர்வையில சுத்தி மூட்டையாக் கட்டினவர் இவர். அதுக்கு முன்னால நடந்ததுதான் முக்கியம். உச்சி வெயில்ல 'டமார்'னு ஒரு சத்தம். கட்டிலுக்கு அடியில முளை. கம்பி முறுக்கா இருக்கிற வரைக்கும் அந்த முளை கழலாதுன்னு தம்பியே சொன்னார். அப்போ பன்னெண்டு கம்பியோட முறுக்கும் ஒரே நேரத்துல போயிருக்கணும். பிரிட்ஜ் கட்டை பேர்த்துக்கிட்டு வந்துடுச்சு. இன்னைக்குக் காலையில நானும் இசைவாணியும் படப்பைக்குப் போனோம். அவங்க அக்கா வீட்டுத் தெருமுனையில ஒரு தச்சுப் பட்டறை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல உங்க கிட்டார் படுத்திருக்கு தம்பி. கட்டையைப் பசை போட்டு ஒட்டி, இறுக்கிக் கட்டி வச்சிருக்காங்க. நாலு நாள் அசைக்கக் கூடாதாம்."

தாவீதுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே கோபமும் வந்தது. "என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

கொம்பையா முதல் தடவையாக வாயைத் திறந்தான். நாள் முழுக்கப் பேசாதவனின் கட்டைக் குரல். "என்னன்னு சொல்ல? கேக்காம எடுத்து வாசிச்சவன் நான். எங்க ஊர்ப் பக்கம் கோயில் கொடை விழாவுக்குப் போற பாட்டுக் கச்சேரியில கிட்டார் வாசிச்சுட்டு இருந்தேன். அது கலைஞ்சு போச்சு. இங்க வந்து தனியாக் கிடந்தேன். ஒருநாள் காலையில வந்தா ஆணியில தொங்குது. எடுக்கக் கூடாதுன்னுதான் ரெண்டு நாள் படுத்துக் கிடந்தேன். முடியல. அப்புறம் தினமும் கொஞ்ச நேரம் வாசிச்சுட்டுப் படுப்பேன்."

"கம்பிய ஏன் இறக்குனீங்க?"

"ஆறு கம்பிக்குச் செஞ்ச உடம்பு மாதிரிதான் அதோட உடம்பு. பன்னெண்டு கம்பி இழுக்கும். பழசை முழுச் சுருதியில விட்டா முன்பலகை வயிறு மாதிரி உப்பிரும். ஏற்கெனவே பிரிட்ஜ் கட்டை ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. இந்த ஷீட்டுச் சூட்டுக்குப் பசை இளகும். அதான் ஒரு கட்டை இறக்கி வச்சிட்டுத் தூங்குவேன். வெள்ளிக்கிழமை காலையில ஓவர்டைம் பாத்துட்டு லேட்டா வந்தேன். கண்ணு சொருகிப் போச்சு. இறக்காமப் படுத்துட்டேன். தலைமாட்டுல வெடிச்ச மாதிரி சத்தம். எந்திரிச்சுப் பாத்தா கட்டை தனியா, கம்பியெல்லாம் சுருண்டு கிடக்கு. நான்தான் உடைச்சேன்னு நெனச்சேன். ஒட்டிக் கொண்டுவந்து மாட்டிரலாம்னுதான் எடுத்துட்டுப் போனேன்."

"நீங்க உடைக்கல" என்றார் வனமாமலை. குரலைத் தாழ்த்தினார், ஆனால் விஷயத்தை விட்டுவிடவில்லை. "தம்பி, கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆறு கம்பிக்குப் பழகின கை உங்களுது. ராத்திரிக்கு ராத்திரி முழுச் சுருதிக்கு ஏத்தி, அந்தக் கட்டையைப் பேர்த்தது நீங்கதான். பகலுக்குப் பகல் அதைக் காப்பாத்தினது இவர். ஒருநாள் இவர் அசந்தார். அன்னைக்கே போச்சு."

தாவீது தன் கைகளைப் பார்த்தான். ஆசை ஆசையாக மடியில் வைத்துக் கொஞ்சியதை இத்தனை நாளாகத் தானே கொன்றுகொண்டிருந்தானா? நேராக நயினாரிடம் போனான். "அண்ணாச்சி, தப்பு எம்மேல. மன்னிச்சிருங்க. பெட்டிய உள்ள வைங்க."

நயினார் உடனே இறங்கி வரவில்லை. துண்டை உதறித் திரும்பத் தோளில் போட்டார். "திருடன்னு ஊரறியச் சொன்னேல. வலிக்குல்லா. இருக்கட்டும்." பெட்டியைத் தூக்கினார். இரண்டடி நடந்து நின்றார். "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. உன்ன விட பகல்ல வாசிக்கவன் நல்லா வாசிக்கான்."

இசைவாணி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

கங்கம்மாளுக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. "அவுரு இருக்கட்டும். இவன் இருக்கக் கூடாது. கேக்காம அடுத்தவன் பொருள எட்துக்கினு, என் கண்ணு முன்னாடியே மூட்டை கட்டிக்கினு போனவன். நாளைக்கு இன்னா பண்ணுவான்? கட்டிலுக்கு ஆளா இல்ல? நாலு பேரு கேட்டுக்கினு கீறாங்க."

"நானே போயிர்றேங்க" என்றான் கொம்பையா. "கிட்டார் ஒட்டினதும் அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்துருவாரு. பையை எடுத்துட்டு இப்படியே கம்பெனி பஸ்ஸுக்குப் போயிர்றேன்." அறைக்குள் போனான். டிரங்குப் பெட்டியின் தாழ் விழுகிற சத்தம் கேட்டது.

வனமாமலை குடையை விரித்துக்கொண்டார். கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மிச்சம் அவர் வேலை இல்லை. இசைவாணி போக மனமில்லாமல் நின்றாள்.

பொருள் கிடைத்துவிட்டது. நாலு நாளில் மடிக்கு வந்துவிடும். சந்தோஷப்பட வேண்டியவன்தான் தாவீது. ஆனால் கொம்பையா பெட்டியோடு வாசலுக்கு வந்து நின்றதைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாளைக்கு வேறு ஒருவன் வருவான். அவன் முதுகும் போர்வைக்குள் இருக்கும்.

"எக்கா, அவரப் போகச் சொல்லாதீங்க" என்றான்.

"இன்னாபா, உன் பொருள உன்னக் கேக்காம எட்துக்கினவன்பா."

"இருக்கட்டும். ஒரு வருசமா இந்த ரூம்ல நான் ஒத்தையில கிடக்கேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஏரிக்கரையில போய் உக்காந்து, எனக்கு யாருமே இல்லையேன்னு எத்தனை ஞாயித்துக்கிழமை அழுதிருக்கேன் தெரியுமா? அந்நேரமெல்லாம் இவரு இங்கதான் இருந்திருக்காரு. இவரும் போயிட்டா நான் யாருகூட இருப்பேன்?"

கங்கம்மாள் அவனைப் பார்த்தாள், கொம்பையாவைப் பார்த்தாள். "என்னமோ பண்ணிக்கினு போங்க" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போனாள். எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

கொம்பையா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். தாவீது வாசற்படியில் உட்கார்ந்தான். ஒரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்ட்டீங்களா அண்ணே?" என்றான் தாவீது கடைசியில்.

"இல்ல. இப்பத்தானே எந்திரிச்சேன். நீ?"

"நானும் இல்ல."

தாவீது போய் ஒரு பொட்டலத்தில் பஜ்ஜி வாங்கி வந்து நடுவில் பிரித்து வைத்தான். கொம்பையா ஊர்க் கச்சேரியில் மைக் செட்டுக்காரன் மழையில் ஓடிய கதையைச் சொன்னான். தாவீது சிரித்தான். தன் சிரிப்புச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கொம்பையா எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தது. பிறகு கூட்டுரோட்டுப் பக்கம் திரும்பிப் புழுதியோடு போய்விட்டது.

"பஸ்ஸு போயிட்டு அண்ணே" என்றான் தாவீது.

"போகட்டும்" என்றான் கொம்பையா. "நீ சொல்லு. உங்க கோயில்ல என்ன பாட்டு வாசிப்ப?"